மழைக் கணக்கு

அக்டோபர் 30, புதன்
மழை 11 மி.மீ.

மகள், மருமகன், பேத்தி யாழினி மூவரும் திருப்பூரிலிருந்து பொழுது சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பர்லியாறு தாண்டியதுமே மூடுபனியாம், பஸ் ஊர்ந்துதான் வந்ததாம். யாழினி செருப்பைக் கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே சனிக்கிழமை மலை ரயில் டிக்கெட். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை, எனக்கும் அவளுக்கும் மட்டும். போகும்போது ரயில், திரும்பும்போது பஸ். ஆகஸ்டிலிருந்தே போனில் இதே பேச்சுதான்.

46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. எல்லாம் மனப்பாடம். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும் என்று இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு விளக்கினாள். என் வேலைக்காலம் முழுக்க அந்தத் தண்டவாளத்தைத் தேயிலைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு பிள்ளை இவ்வளவு ஆசையாகச் சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது.

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி
மழை 34 மி.மீ.

எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு சரி. பட்டாசு நமத்துப் போய்விட்டது. கம்பி மத்தாப்பை மட்டும் திண்ணையில் நின்று கொளுத்தினாள். புதுப்பாவாடையின் ஓரமெல்லாம் சேறு. அவளுடைய அம்மாயி கணப்பு அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து ஈரத்துணியைப் போட்டிருக்கிறாள். வீடு முழுக்கக் கரிவாசம். சன்னலை ஓரமாகத் திறந்து வைக்கும்படி இரண்டு தடவை சொன்னேன்.

“சனிக்கிழமைக்குள் விட்டுவிடும் இல்ல அப்புச்சி?” என்று படுக்கப்போகும்போது கேட்டாள். தெரியாது கண்ணு என்றேன். விட்டுவிடும் என்று சொல்லியிருந்தால் அவள் தூங்கியிருப்பாள், எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

நவம்பர் 1, வெள்ளி
மழை 61 மி.மீ.

ரயில் ரத்து. அடர்லிக்கும் ஹில்குரோவுக்கும் இடையில் மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் விழுந்து கிடக்கிறதாம். மருமகன் போனுக்கு மெசேஜ் வந்தது, பணமும் திரும்ப வந்துவிடும் என்றார். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் ஓடினால் அதிலாவது போய் வரலாம் என்று மகள் சொன்னாள். “அது டீசல்மா. அதுக்குப் பல் கிடையாது” என்று சொல்லி, அந்த ஃபைலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னது சரிதான். பல் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். அதற்கு மேலே சாதாரண ரயில்.

ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். மழை பெய்தால்தானே வெள்ளாமை என்றார் பக்கத்து வீட்டம்மா. அழுகிற பிள்ளைக்கு மழையே வராது என்றாள் என் வீட்டுக்காரி. மருமகன் போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தார். பிள்ளை மூன்று மாதம் காத்திருந்திருக்கிறது. அந்த வருத்தத்தை வருத்தம் என்று ஒத்துக்கொள்ளாமல் வெள்ளாமையைப் பற்றிப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சாமி” என்றேன். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு வர்க்கியைப் பாலில் முக்கித் தின்றாள்.

நவம்பர் 2, சனி
மழை 185 சென்ட், அதாவது 47 மி.மீ.

இன்றைய அளவை எடுத்தது யாழினி.

காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, “நீயும் வா, எனக்கு ஒரு ஆள் வேணும்” என்றேன். அவளைச் சமாதானம் செய்யச் சொன்னதல்ல. புரை முற்றிக்கொண்டு வருகிறது. மப்பு வெளிச்சத்தில் கண்ணாடிக் கோடு எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. இந்த வாரம் எழுதியவை எல்லாம் குத்துமதிப்புதான்.

தோட்டத்தில் இருக்கும் ரெயின் கேஜ், எஸ்டேட்டில் பழசு என்று கழித்துக்கட்டியபோது நான் கேட்டு வாங்கி வந்தது. ஐந்து இன்ச் வாயுள்ள செம்புப் புனல், கீழே தண்ணீர் சேரும் குப்பி, அளக்க ஒரு மெல்லிய கண்ணாடிக் குழல். எஸ்டேட்டில் கண்டக்டராக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்க்கும் ஆளாக, சேர்ந்த முதல் வாரத்திலேயே மேனேஜர் துரை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: காலை மஸ்டர் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மழை ரிஜிஸ்டர் ஒருநாள்கூட விடுபடக்கூடாது. அந்தக் கண்ணாடியில் மில்லிமீட்டர் கிடையாது, சென்ட்தான். நூறு சென்ட் ஒரு இன்ச்.

குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், தண்ணீரின் மேல்மட்டம் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும் என்றேன். மழையிலேயே குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். குழலில் ஐம்பது சென்ட்தான் பிடிக்கும். மூன்று முறை நிரப்பிக் கொட்டினாள், நாலாவதில் முப்பத்தைந்து. ஒவ்வொன்றையும் கொட்டும் முன் இன்னொரு தடவை பார்த்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். உள்ளே வந்து 185ஐ 25.4ஆல் பெருக்கி நூறால் வகுத்து, “46.99! 47ன்னு எழுதலாமா?” என்றாள். எழுதலாம் என்றேன். மேலே இருப்பது அவள் கையெழுத்து.

பிறகு கேள்வி வந்தது. புனல் இவ்வளவு அகலம், கண்ணாடி இவ்வளவு ஒல்லி, அப்புறம் எப்படிக் கணக்குச் சரியாக வரும்? நல்ல கேள்வி. என்னோடு வேலை பார்த்த ரைட்டர்கள் பாதிப்பேர் கடைசிவரை இதைக் கேட்டதே இல்லை. அகலத்தில் விழுந்த மெல்லிய மழையை ஒல்லிக் குழலில் உயர்த்திக் காட்டுகிறோம், அதற்குத் தகுந்த மாதிரிக் கோடுகளையும் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவள் முழுசாக நம்பவில்லை. அப்படியானால் நேரான பாட்டிலில் மழையைப் பிடித்து ஸ்கேலால் அளந்தாலும் அதே 47 வர வேண்டுமே என்றாள்.

வரும் என்றேன். செய்தே விட்டோம். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகினோம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு அது மூழ்கத் தண்ணீர் ஊற்றினோம். அந்த மட்டத்தில் ஒரு கோடு. அதுதான் பூஜ்யம். காற்றுக்குச் சாயாமல் இருக்கச் செங்கல் அண்டை கொடுத்தாள். அரைமணிக்கு ஒருமுறை ஓடிப்போய் ஸ்கேலை வைத்துவிட்டு வந்தாள். ரயில் நேரம் அந்த ஓட்டத்துக்குள்ளேயே போய்விட்டது, அவளும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

மாலையில் இன்னொரு கணக்கு சொன்னேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் தகரக் கூரை முப்பதுக்கு இருபது அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினாள். “அம்மாயி! நம்ம கூரை மேல ஒரே நாள்ல இரண்டாயிரத்து அறுநூறு லிட்டர்!” குடத்துக்கு எத்தனை என்று அவளும் அம்மாயியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது குடத்துக்கு மேலே போயிற்று.

நவம்பர் 3, ஞாயிறு
மழை 346 சென்ட், 88 மி.மீ.

ராத்திரி முழுக்க விடவில்லை. கரண்டும் இல்லை. மருமகனுக்கு நாளை கம்பெனியில் வேலை, விடிந்ததும் கோத்தகிரி வழியாக இறங்கினார். மேட்டுப்பாளையம் சேர்ந்துவிட்டேன் என்று போன் வந்தபிறகுதான் என் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைத்தாள். மகளும் பேத்தியும் புதன்வரை இங்கேயே. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாயிற்று.

இன்று மழையில் விளையாட்டு இல்லை. கீழ்ச்சரிவில் இருக்கும் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். அம்மாயி கொள்ளு ரசமும் சோறும் வைத்துக் கொடுத்தாள். நானும் மகளும் தூக்கிக்கொண்டு போனோம். யாழினியும் வந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுத்திருந்தன.

“நமக்கு ஜாலியா இருக்கிற மழை அவங்களுக்கு ஏன் இப்படி?” என்று திரும்பும் வழியில் கேட்டாள். மூடி மறைக்காமல் சொன்னேன். மண் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கக் கனக்கும், ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும் தளரும். சரிவை நேராக வெட்டி வீடு கட்டியிருந்தால் தாங்கிப் பிடிக்க அடியில் ஒன்றும் இருக்காது. ஓடை போகும் வழியை அடைத்திருந்தால் தண்ணீர் தனக்கு வேறு வழி தேடும். 2009 நவம்பரில் இந்த மலையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். அந்த வாரம் ரிஜிஸ்டரில் எழுதிய எண்கள் இன்னும் என் கையில் இருக்கின்றன. எட்டு வயதுக்கு இது அதிகம் என்று மகள் முகம் சுளித்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழையைப் பிடிக்கும் என்று சொல்லப்போகிற பிள்ளை அதன் பலத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டில் அளவு 85. செம்பு அளவோடு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். காற்றில் பாட்டில் கொஞ்சம் சாய்ந்திருந்தது என்று அவளே கண்டுபிடித்தாள்.

நவம்பர் 4, திங்கள்
மழை 114 சென்ட், 29 மி.மீ.

விட்டு விட்டுத் தூறல். காலையில் காட்டெருமை வந்தது. வேலியோரம் ஒற்றைக் கடா, சன்னலிலிருந்து இருபதடி கூட இருக்காது. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. உடம்புச் சூட்டில் மழைத்தண்ணீர் ஆவியாகிறது. யாழினி மூச்சுவிடும் சன்னல் கண்ணாடியிலும் அதே ஆவி. அவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அது அவசரமே இல்லாமல் ஒரு வாய்ப் புல்லை இழுத்தது, காதை ஒருமுறை உதறியது, தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. வெயில் நாளில் இந்த நேரத்துக்கு நாங்கள் சிம்ஸ் பார்க்கில் கூட்டத்தோடு நின்றிருப்போம்.

மதியம் ஸ்டேஷனுக்குப் போனோம். நீராவி எஞ்சின்கள் ஷெட்டில் நின்றன. வாசலில் மழைக்கோட்டோடு ஒரு டிராக்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கீழே பாதையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், பூட்ஸ் முழுக்கச் செம்மண். இவள் நேராகப் போய், “பெரிய கல்லை எப்படி எடுப்பீங்க?” என்றாள். நல்ல மனிதர், குனிந்து நின்று பதில் சொன்னார். பெரிய பாறையைத் துளைபோட்டு உடைத்துத்தான் தள்ளுவார்களாம். அதைவிட மெனக்கெட்ட வேலை பல் தண்டவாளத்தில்தான். நடுவில் இரண்டு பல்வரிசை பக்கம் பக்கமாக ஓடும், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. அப்போதுதான் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்திருக்கும். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறுகிற பாதை அது. அந்தப் பல் சந்துகளில் சேறும் சரளையும் இறுகிக் கிடக்கும், குத்திக் குத்திக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி விரலை மடக்கிக் காட்டினார். நகக்கண்ணில் சிவப்பு மண்.

“அதை எடுக்காம ரயிலை விட்டா?”

“பல் ஏறாது பாப்பா. சக்கரம் பல்லை விட்டு மேலே தூக்கிடும். அப்புறம் பிடி இல்லை.”

ஃபைலில் வைத்திருந்த டிக்கெட்டைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் இரண்டு பல்வரிசையையும் வரைந்தாள். சந்துகளில் செம்மண் நிறம் அடித்தாள். நானும் அந்த ரயிலை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அந்தச் சந்தை யோசித்ததில்லை.

இரவு டார்ச் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனோம். சன்னமான உலோகச் சத்தம், எங்கே என்று பிடிபடாது. பொறுமையாக இலையிலையாகப் பார்த்ததில் ஒரு புதர்த்தவளை. பேத்தியின் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தொண்டைப்பை அதன் தலையளவுக்கு ஊதி ஊதி வற்றியது. இந்தச் சாதிக்குக் குளம் குட்டை வேண்டாம், தலைப்பிரட்டையாக நீந்தவும் வேண்டாம், முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும் என்றேன். “அப்ப இதுக்கு ஈரம் மட்டும் போதுமா?” போதும் என்றேன். குடையை மடக்கிவிட்டு அது எவ்வளவு ஈரம் என்று முகத்தைத் தூக்கிக் காட்டி நின்றாள். அவள் அம்மா கதவிலிருந்து கத்தினாள்.

நவம்பர் 5, செவ்வாய்
மழை 24 சென்ட், 6 மி.மீ.

வானம் வெளுக்கிறது. பாதை இன்னும் திறக்கவில்லை.

அடுத்த டிக்கெட் எப்போது எடுப்பது என்று பேச்சு வந்தது. மகள் தை விடுமுறை என்றாள். யாழினி என் பழைய டைரிகளைக் கேட்டாள். மாதக் கூட்டுத்தொகையை ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். திண்ணையில் பரப்பிப் போட்டு, விரலை வைத்து மாதம் மாதமாகப் படித்தாள். அக்டோபர், நவம்பர் பெரிய எண்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சின்னவை. ஜூன், ஜூலை இங்கே ஏன் குறைவு, டிவியில் அப்போதுதானே நீலகிரியில் கனமழை என்று காட்டுகிறார்கள் என்றாள். அது மேற்குப் பக்கத்து மழை, கூடலூர் அவலாஞ்சிப் பக்கம் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும்போது இளைத்துவிடும், நம்முடையது கிழக்கு விளிம்பு, வங்கக்கடல் காற்று ஏறி வரும்போது முதலில் முட்டுவது நம் சரிவில்தான் என்று கையை மலையாக வைத்துக் காட்டினேன்.

அப்படியானால் பிப்ரவரியில் எடுத்துவிடலாம் என்றாள் மகள். யாழினி ஒத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் பாதையோர அருவியெல்லாம் வற்றியிருக்குமே, டிராக்மேன் மாமா சொன்னாரே, இப்போது பாலத்துக்குப் பாலம் தண்ணீர் கொட்டுகிறது என்று. மறுபடி டைரிகளைப் புரட்டினாள். டிசம்பர் பாதிக்கு மேல் என்று முடிவு செய்தாள். மழை விட்டிருக்கலாம், தண்ணீரும் மிச்சம் இருக்கும். அரையாண்டு விடுமுறையும் அதே சமயம்தான். மறுபடியும் ரத்தானால் என்ன செய்வாய் என்று அவள் அம்மா கேட்டதற்கு, “பாட்டிலைக் கொண்டு வந்துடறேன்” என்றாள், டைரியிலிருந்து தலையைத் தூக்காமல்.

நவம்பர் 6, புதன்
மழை இல்லை.

காலை பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். தேயிலை கழுவி விட்டது போல் இருக்கிறது. இந்த ஈரத்தோடு நாலு நாள் வெயில் விழுந்தால் கொழுந்து தள்ளும்.

நவம்பர் 8, வெள்ளி
மழை 8 சென்ட், 2 மி.மீ. (எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்)

திருப்பூரிலிருந்து போன். மொட்டை மாடியில் பாட்டிலை வைத்திருக்கிறாளாம், நேற்று நல்ல மழையாம், ஆனால் 4 மி.மீ.தான் காட்டுகிறதாம். எங்கே வைத்திருக்கிறாய் என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அங்கேதான் காற்றுக்கு விழாது என்றாள். அதுதான் தப்பு, சாய்ந்து வருகிற மழையைத் தொட்டி மறைத்துவிடும். பக்கத்தில் இருப்பது எவ்வளவு உயரமோ அதுபோல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தொட்டி ஆறடி என்றாள். அப்படியானால் பன்னிரண்டு அடி தள்ளி வை என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது அடியில் துணிக்கொடி இருக்கிறது, கொடியை நகர்த்தச் சொல்லி நீங்களே அம்மாவிடம் பேசுங்கள் அப்புச்சி என்று போனை என் மகளிடம் கொடுத்துவிட்டாள்.